கொங்கு நாடு கடலடியாக இருந்ததா? ஆழங்குறைந்த கடற்படிவுகள் பற்றிய இழை

வாசகர் கேள்வி, 2023 மே 14

கிணத்துக்கடவுப் பக்கம் எங்கள் தோட்டத்தில் போர் போட்டபோது, பத்தடிக்குள்ளேயே வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் வந்தன. எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கின்றன. மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்லும் இப்படித்தான் நுரைக்கும் என்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கொங்கு நாடு முழுவதும் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்றுதானே பொருள்? அப்படியானால் ஒரு சிப்பியாவது ஏன் கண்ணில் படவில்லை?

2023 மே 14, இரவு

இரண்டும் ஒன்றல்ல. உங்கள் தோட்டத்தில் வந்தது சுக்கான். மழைநீர் மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. நம் ஊர் வெயிலில் அந்த ஈரம் வற்றும்போது கரைந்த சுண்ணாம்பு மண்ணுக்குள்ளேயே கட்டிபட்டு நின்றுவிடுகிறது. கடலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. என் அப்புச்சி காலத்தில் இதைச் சூளையில் சுட்டுத்தான் சாளைச் (தோட்டத்து வீட்டுச்) சுவருக்குச் சுண்ணாம்பு எடுத்தார்கள்.

மதுக்கரைக் கல்லின் கதை வேறு. அது கடலடியில் படிந்த சுண்ணாம்பு. பிறகு பல கிலோமீட்டர் ஆழத்துக்குப் புதைந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் மறுபடி படிகமாகிப் பளிங்குத்தன்மை அடைந்தது. எனவே "கொங்கு முழுவதும் கடல்" என்று சொல்ல அது போதாது. அந்தப் பட்டையில் இருக்கும் பாறை கடலில் பிறந்தது என்று மட்டும் சொல்லலாம். மற்ற இடங்களில் போர் வண்டி ஆயிரம் அடி துளைத்தாலும் வெளியே பறப்பது கருங்கல் தூள்தான். கிளிஞ்சலும் அம்மோனைட்டும் (சுருள் ஓடுடைய, அழிந்துபோன கடலுயிர்) வேண்டுமென்றால் கிழக்கே அரியலூர், பெரம்பலூர் பக்கம் போக வேண்டும். அங்கே ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின்மேல் ஏறி வந்த கடலின் படிவுகள் இன்றும் அடுக்கடுக்காகத் தெரிகின்றன.

மதுக்கரைக் கல்லிலும் சிப்பிகள் இருந்திருக்கும், வெப்பத்தில் உருத்தெரியாமல் போயிருக்கும்.

2023 மே 16

மேலே கடைசி வரியைத் தவறாக எழுதிவிட்டேன்; அழிக்காமல் இங்கேயே திருத்துகிறேன். மதுக்கரைச் சுண்ணாம்பு படிந்தது 54 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட காலத்தில். ஓடு கட்டி வாழும் உயிர்கள் கடலில் பெருகியதே ஏறத்தாழ அந்த எல்லையில்தான் தொடங்கியது. ஆகவே வெப்பம் அழிப்பதற்கு அங்கே சிப்பிகளே இருக்கவில்லை. "சுண்ணாம்புக்கல் என்றால் சிப்பிக் குவியல்" என்று பள்ளியில் மனத்தில் பதிந்த வாக்கியம் இத்தனை வருடம் கழித்தும் என் கையைப் பிடித்து எழுத வைத்திருக்கிறது.

சிப்பி இல்லாமல் சுண்ணாம்பு எப்படிப் படிந்தது என்று கேட்பீர்கள். வெயில் படும் ஆழங்குறைந்த வெதுவெதுப்பான நீரில் கால்சியமும் கார்பனேட்டும் நிறைந்துவிட்டால் கால்சைட், அரகோனைட் என்ற சுண்ணாம்புப் படிகங்கள் தாமாகவே பிரிந்து படியும். பாய்போலப் படர்ந்த நுண்ணுயிர்கள், ஒளியைக்கொண்டு உணவு செய்யும்போது நீரிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொள்கின்றன. அதனால் அந்தப் பாயின் மேலேயே சுண்ணாம்பு படிகிறது. வெந்நீர்ப் பானையின் உட்புறத்தில் நம் போர்த் தண்ணீர் வெள்ளையாக ஒட்டிக்கொள்வதும் இதே வேதியியல்தான். அங்கே சூடு கரியமில வாயுவை விரட்டுகிறது, கடலில் உயிர்கள் அதை எடுத்துக்கொள்கின்றன.

2023 மே 21

இழை இவ்வளவு தூரம் வந்துவிட்டதால் ஆழங்குறைந்த கடலடியைப் பற்றி ஒழுங்காக எழுதலாம் என்று உட்காருகிறேன். நான் கடல் ஆய்வாளன் அல்ல. ஈரோட்டில் கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் 22 வருடமாக மணல் சலிக்கிறேன். ஒருவர் கையில் மணலைக் கொண்டுவந்தால் அது எந்த ஆற்று மணல், எத்தனை மண் கலந்தது என்று தொட்டுப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கத்தோடுதான் போன வருடம் குடும்பத்துடன் இராமேசுவரம் போனபோது தனுஷ்கோடி மணலில் ஒரு கையளவைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தேன்.

எங்கள் கூடத்தில் சல்லடைகள் 4.75 மி.மீ.யில் தொடங்கி 2.36, 1.18, பிறகு 600, 300, 150, 75 மைக்ரான் என்று இறங்கும். நிலவியலார் வேறு கோடு போடுகிறார்கள்: 2 மி.மீ.க்கு மேல் சரளை, அங்கிருந்து ஏறத்தாழ 63 மைக்ரான் வரை மணல், 4 மைக்ரான் வரை வண்டல், அதற்கும் கீழே களி. கோடுகள் சற்று மாறினாலும் கேள்வி ஒன்றுதான்: இந்தத் துகளைத் தூக்க எவ்வளவு விசை வேண்டும், கீழே விட்டால் எவ்வளவு நேரத்தில் இறங்கும்?

இறங்கும் நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அசையாத நீரில் 10 மீட்டர் ஆழம் இறங்க 0.1 மி.மீ. மணல்துகளுக்கு ஏறத்தாழ 20 நிமிடம் போதும். அதே ஆழத்தை 0.001 மி.மீ. களித்துகள் தனியாக இறங்குவதென்றால் நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகக் குறைகிறது என்ற விதியின் விளைவு இது. ஆழங்குறைந்த கடலில் நான்கு மாதம் அசையாத நீர் எங்கே கிடைக்கும்? அலை தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. அதனால் அலை ஓங்கி அடிக்கும் கரையோரத்தில் மணல் மட்டும் தங்கும்; நுண்மண் தூரம் போய், அலை எட்டாத ஆழத்தில் அடங்கும்.

தனுஷ்கோடிப் பொட்டலத்தைச் சலித்ததில் பெரும்பகுதி 600 மைக்ரானுக்கும் 300 மைக்ரானுக்கும் இடையில் நின்றது. 75 மைக்ரானுக்குக் கீழே தட்டில் விழுந்தது நுனிவிரலில் ஒட்டும் அளவுதான். நம் கொடுமுடி ஆற்று மணலில் சரளையிலிருந்து தூசி வரை எல்லா அளவும் கலந்திருக்கும். அலை சலித்த மணலுக்கு இன்னொரு சல்லடை தேவையே இல்லை. ஆய்வுக்கூடத்தில் மிச்சமிருந்த நீர்த்த அமிலத்தில் இரண்டையும் ஒவ்வொரு சிட்டிகை போட்டேன். கொடுமுடி மணல் சும்மா கிடந்தது. தனுஷ்கோடி மணல் பொங்கியது. பொங்கி அடங்கிய பிறகு அடியில் கண்ணாடித் துகள்போல வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) மட்டும் மிஞ்சியது. கரைந்துபோனவை சிப்பி, பவளம், மிக நுண்ணிய ஓட்டுயிர்கள் ஆகியவற்றின் உடைசல்கள். நிலத்திலிருந்து வந்ததையும் கடலிலேயே பிறந்ததையும் அந்தக் குடுவை ஒரு நிமிடத்தில் பிரித்துக் காட்டிவிட்டது.

2023 மே 22

சல்லடைக் கணக்கில் பிழை. கடல் மணலைக் கழுவாமல் சலித்திருக்கிறேன். பொட்டலத்தை இன்று மறுபடி பிரித்தபோது மணல் நசநசவென்று இருந்தது. கடல் உப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும்; அந்த ஈரத்தில் இரண்டு மூன்று துகள்கள் ஒட்டிப் பெரிய துகளாக நடித்திருக்கின்றன. நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, அடுப்பில் உலர்த்தி, மறுபடி சலித்தேன். பெரும்பகுதி 300 மைக்ரான் சல்லடையைக் கடந்து 150 இல் நின்றது. ஒரே அளவாகச் சலிக்கப்பட்ட மணல் என்ற முடிவு மாறவில்லை, அளவு மட்டும் ஒரு படி நுண்மையானது.

2023 ஜூன் 3

தாராபுரத்து நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அமராவதியில் வெள்ளம் வந்தால் கலங்கல் காவிரிக்குப் போய்க் கடலுக்கும் போகிறது. அந்தக் கரிசல் நான்கு மாதம் மிதந்துகொண்டே இருந்தால் நடுக்கடலுக்கே போய்விடாதா, கழிமுகத்தில் எப்படிச் சேறு தங்குகிறது?"

மிக நல்ல கேள்வி. களித்துகள் தனியாக இறங்குவதில்லை என்பதுதான் விடை. நன்னீரில் களித்துகள்கள் ஒன்றையொன்று தள்ளும் மின்னூட்டத்தோடு மிதக்கின்றன. உப்புநீர் அந்தத் தள்ளலைத் தணிக்கிறது. துகள்கள் ஒட்டிப் பஞ்சுப்பிசிறுபோல் திரண்டு, பல மடங்கு வேகமாக இறங்குகின்றன. ஆறு கடலைத் தொடும் இடத்திலேயே சேற்றின் பெரும்பங்கு விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேற்று இதை வீட்டிலேயே செய்து பார்க்க முனைந்தேன். இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி கரிசல், ஒன்றில் மட்டும் 35 கிராம் உப்பு, அதாவது கடலில் இருக்கும் அளவு. குலுக்கி வைத்தேன். ஒரு மணி நேரத்தில் இரண்டுமே தெளியத் தொடங்கிவிட்டன. பார்த்துக்கொண்டிருந்த என் மகள், "அப்பா, உப்புப் போடாததும் தெளியுதே" என்றாள்.

2023 ஜூன் 5

நேற்று விடிகாலையில்தான் உறைத்தது. நான் ஊற்றியது எங்கள் போர்த் தண்ணீர். அதில் கால்சியம் ஏராளம். பானையில் வெள்ளை ஒட்டும் தண்ணீர் என்று முன்னரே இங்கே எழுதியவனும் நானே. களியைத் திரட்டுவதில் கால்சியம் சாதாரண உப்பைவிட வலுவானது, ஆகையால் சிறிதளவு இருந்தாலே போதும். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரை வாங்கிவந்து மறுபடி செய்தேன். உப்புப் பாட்டிலில் சில நிமிடங்களிலேயே கலங்கலுக்குள் பிசிறுகள் கண்ணுக்குத் தெரிந்தன. அவை மெல்லப் பனி இறங்குவதுபோல் இறங்க, மேலிருந்து ஒரு தெளிந்த விளிம்பு கீழ்நோக்கி நகர்ந்தது. வடிநீர்ப் பாட்டில் இரவு வரை தேநீர் நிறத்திலேயே இருந்தது. மறுநாள் காலையிலும் அடியில் படிந்தது மெல்லிய பருமண் மட்டுமே.

இன்னொன்றும் கவனித்தேன். உப்புநீரில் அடியில் தங்கிய சேற்றின் உயரம், போட்ட மண்ணைவிட வெகு அதிகம். பிசிறுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கமின்றி, இடையிடையே நீரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. புதிதாகப் படிந்த கடற்சேற்றின் கன அளவில் பத்தில் ஏழெட்டுப் பங்கு நீர்தான். மணலில் ஏறத்தாழ நான்கு பங்கு. சேற்றில் நீர் அதிகமிருந்தும் அதன் துளைகள் மிக நுண்ணியவை என்பதால் நீர் புகுந்து வெளியேறுவது மிகக் கடினம். இது அடுத்து எழுத வேண்டிய ஒன்றோடு சேர்கிறது.

2023 ஜூன் 11

அந்த இராமேசுவரப் பயணத்திலேயே பாக் நீரிணைப் பக்கத்துச் சேற்றையும் மிதித்தேன். அங்குள்ளவர்கள் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஒரே தீவின் இரண்டு பக்கத்திலும் தரை எப்படி மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. வெளிக்கடலின் அலையை நேராக வாங்கும் பக்கத்தில் மணலும் பாரும் (கடலடிப் பாறைத்திட்டு). ஆழமற்று அடங்கிக் கிடக்கும் பக்கத்தில் நுண்மண்ணும் கடற்புல்லும்.

ஒதுங்கிய ஓடை ஒன்றில் கால் முழங்கால் வரை இறங்கியது. மேலே ஒரு விரல் தடிமன்கூட இல்லாத பழுப்பு. அதற்குக் கீழே மை போன்ற கறுப்பு, அழுகிய முட்டை வாடை. பழுப்பு வரை மட்டுமே ஆக்சிஜன் இறங்கியிருக்கிறது. கீழே ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்ஃபேட்டைக்கொண்டு மக்கியதைச் செரிக்கின்றன. வெளிவரும் ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் அந்த வாடை, அது இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் இரும்பு சல்ஃபைடுதான் அந்தக் கறுப்பு. ஒரு கட்டியைத் திறந்த டப்பாவில் வைத்துக்கொண்டு வந்தேன். வீடு வந்து சேர்ந்தபோது வெளிப்புறம் பழுப்பாகியிருந்தது. பிட்டுப் பார்த்தால் நடுவில் இன்னும் கறுப்பு. காற்றுப் பட்டதும் கறுப்பு சல்ஃபைடு துருவாக மாறுகிறது.

கடலடியின் மேல்தோலை உயிர்கள் உழுதுகொண்டே இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. புழுவும் நண்டும் சிப்பியும் வளை தோண்டி அடுக்குகளைக் கலைத்துவிடுகின்றன. பல இடங்களில் அலை போட்ட அடுக்கு ஒரு பருவம்கூடத் தாங்குவதில்லை. நம் கொடுமணலில் அகழ்ந்தபோது சங்கு வளையல் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. வளையலறுக்கும் அந்தச் சங்கும் மணலில் பாதி புதைந்து புழுவைத் தேடித் திரியும் உயிர்தான். நொய்யல் கரையில் கிடந்த அந்தத் துண்டை இப்போது நினைத்தால், அது எந்த வகைக் கடலடியிலிருந்து வந்தது என்றே முதலில் தோன்றுகிறது.

2023 ஜூன் 25

"கரையோரம் மணல், தூரம் போனால் சேறு" என்று மே 21 இல் எழுதியதைப் பாலக்காட்டிலிருந்து ஒருவர் மறுத்திருக்கிறார். மறுப்பு நியாயமானது, ஆகவே விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

அவர் காட்டியது ஆலப்புழைக்குத் தெற்கே புறக்காடு, அம்பலப்புழாப் பக்கத்துச் சாகர. தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரை முழுவதும் அலை சீறும்போது அங்கே மட்டும் கடல் குளம்போல் அடங்கிக் கிடக்கும். வள்ளங்கள் அங்கே கூடும். காரணம், கரையை ஒட்டிய ஆழங்குறைந்த நீரில் கூழாகக் கலங்கி நிற்கும் நுண்சேறு. அலையின் ஆற்றலை அந்தக் கூழ் உறிஞ்சிவிடுகிறது. அலைதான் சேற்றை விரட்டும் என்று நான் எழுதினேன். சேறு போதிய அளவில் குவிந்துவிட்டால் அலையையே அது அடக்கிவிடும் என்பதற்கு நம் கணவாயைத் தாண்டினால் கண்கூடாகச் சான்று இருக்கிறது.

மறுபக்கமும் விதி உடைகிறது. கண்டத்திட்டின், அதாவது கரையை ஒட்டிக் கடலுக்குள் நீளும் ஆழங்குறைந்த தளத்தின், வெளிப்புறத்தில், கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, சேறு இருக்க வேண்டிய ஆழத்தில் பரந்த மணல் கிடக்கிறது. இன்றைய அலை அதை அங்கே கொண்டுபோகவில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் அளவு கீழே இருந்தது. இராமேசுவரத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம். இன்றைய வெளித்திட்டுதான் அன்றைய கடற்கரை. அங்கே கிடக்கும் மணல் அந்தக் கடற்கரையின் மணல். கடல் ஏறிவந்த வேகத்தில் அது மூழ்கிப்போனது, அதன்மேல் சேறு மூடுவதற்கு இன்னும் காலம் போதவில்லை. உலகக் கண்டத்திட்டுகளில் பெரும்பரப்பு இப்படிப்பட்ட எச்சப் படிவுதான் என்பதைப் படித்தபோது, சல்லடையை மட்டும் நம்பிய என் கணக்கு எவ்வளவு குறுகியது என்று புரிந்தது.

மும்பைக்கு அப்பால் வெளித்திட்டில் கிடக்கும் மீன்முட்டை போன்ற உருண்டைச் சுண்ணாம்பு மணிகளை இதற்குச் சாட்சி சொல்ல அழைக்கலாம். ஒரு நுண்துகளைச் சுற்றித் தோல் தோலாகச் சுண்ணாம்பு ஏறினால்தான் அந்த மணி உருவாகும். அதற்கு வெதுவெதுப்பான நீரும், அலை சில மீட்டர் ஆழத்தில் இடைவிடாமல் உருட்டிக்கொண்டே இருப்பதும் தேவை. பல பத்து மீட்டர் ஆழத்தில் அது கிடக்கிறதென்றால், அது பிறந்த நாளில் கடல் அங்கே இடுப்பளவோ ஆளளவோதான் இருந்திருக்க வேண்டும்.

எனவே மே 21 வாக்கியத்தை இப்படி மாற்றுகிறேன்: துகளின் அளவு, அது படிந்த நாளின் நீர் எவ்வளவு அசைந்தது என்பதைச் சொல்லும்; அந்த நாள் இன்றுதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

2023 ஜூலை 2

கொடுமுடியில் ஆற்றுக்குள் இறங்கி நடந்தேன். வற்றிய ஓரத்தில் மணல் வரிவரியாக இருந்தது. ஒவ்வொரு வரியும் நீர் வரும் பக்கம் சாய்வாகவும் நீர் போகும் பக்கம் செங்குத்தாகவும் இருந்தது. ஆறு ஒரே திசையில் தள்ளுவதால் அப்படி. பெண்கடல் ஓரத்தில் கணுக்கால் அளவு நீரில் நான் பார்த்த வரிகளுக்கு இரண்டு பக்கமும் ஒரே சாய்வு. அலை முன்னும் பின்னும் சம அளவில் ஆட்டியதால் அப்படி. இந்த வரிகள் கல்லாக இறுகிய பிறகும் அழிவதில்லை, ஆகவே அது ஆற்றில் படிந்த மணற்கல்லா, அலையாடும் நீரில் படிந்ததா என்று பாறையைப் பார்த்தே சொல்ல முடிகிறது. அலை தரையை எட்டும் ஆழம் ஏறத்தாழ அதன் நீளத்தில் பாதி. இரண்டு முகட்டுக்கு நடுவே 100 மீட்டர் இருக்கும் பெரிய அலை 50 மீட்டர் ஆழத்துத் தரையையும் தடவும்.

கொடுமுடி வரிகளின் பள்ளத்தில் கறுப்புக் கோடுகள் இருந்தன. பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைப் பையில் சுற்றி வைத்தால் பாதி ஒட்டிக்கொண்டது, அது மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம். ஒட்டாமல் செந்நிறமாக மின்னியது கார்னெட். வெங்கச்சங்கல்லின் அடர்த்தி 2.65, கார்னெட் ஏறத்தாழ 4, கருமணலில் இருக்கும் இல்மனைட் என்ற கனிமம் 4.7 வரை போகும். அதனால் லேசான மணலை நீர் எடுத்துப்போக, கனமானது தங்கிவிடுகிறது. மணவாளக்குறிச்சிக் கரையில் அலை இதையே பெரிய அளவில் செய்து கருமணலைக் குவித்து வைத்திருக்கிறது.

2023 ஜூலை 3

ஆற்று மண் கடலுக்குப் போகிறது என்று ஜூன் 3 இல் எளிதாக எழுதிவிட்டேன். 1934 இல் மேட்டூர் அணை, பிறகு பவானிசாகர், அமராவதி. அணைக்குள் நீர் நிற்கிறது. நின்ற நீரில் மணல் 20 நிமிடத்தில் இறங்கிவிடும் என்ற அதே கணக்குப்படி, மணல் முழுவதும் அங்கேயே தங்குகிறது. கடலடிக்குச் சேர வேண்டிய பங்கை அணைகள் பிடித்துக்கொள்கின்றன. அணையைத் தாண்டி ஆற்றில் மிஞ்சிய மணலை அள்ளி, சலித்து, சான்றிதழ் கொடுத்து, கட்டடமாக்கியதில் என் கையெழுத்தும் உண்டு. கரை அரிக்கிறது என்று டெல்டாக்காரர்கள் சொல்லும்போது முன்பு பேப்பரில் ஒரு செய்தியாகப் படித்தேன். இப்போது அப்படிப் படிக்க முடிவதில்லை.

2023 ஜூலை 16

கிணத்துக்கடவு நண்பரின் முதல் கேள்விக்குத் திரும்பிவிடுகிறேன். மதுக்கரைப் பக்கம் ஒரு பழைய வீட்டின் அடித்தளத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். வீட்டுக்காரரைக் கேட்டு ஒரு துண்டு வாங்கிவந்தேன். உடைத்த முகத்தில் சர்க்கரைக்கட்டிபோல் மின்னும் வெள்ளைப் படிகங்கள். நடுவே இரண்டு விரல் அகலத்தில் மங்கிய பச்சைப் பட்டை ஒன்று. அமிலம் விட்டேன். வெள்ளை பொங்கியது, பச்சை அசையவில்லை.

அந்தப் பச்சைதான் எனக்கு இப்போது மிக முக்கியமாகப் படுகிறது. தூய சுண்ணாம்பு சூடேறினால் கால்சைட் கால்சைட்டாகவே பெரிதாகும். இடையில் மணலும் களியும் மக்னீசியமும் கலந்திருந்த இடத்தில்தான் அவை சுண்ணாம்போடு வினைபுரிந்து பச்சைச் சிலிக்கேட்டுகளாக மாறும். ஆகவே அந்தப் பட்டை, சுண்ணாம்பு படிந்துகொண்டிருந்த தெளிந்த கடலுக்குள் நிலத்திலிருந்து கலங்கல் வந்து விழுந்த ஒரு காலம். பிறகு கலங்கல் நின்றிருக்கிறது, மறுபடி வெள்ளை.

அந்தப் பக்கத்தில் யாராவது பழைய வீடு பிரித்தால், கல்லைக் கழுவி, ஈரம் காயும் முன் பாருங்கள். பட்டை ஈரத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. எத்தனை பட்டை, எவ்வளவு அகலம் என்று இங்கே எழுதுங்கள்.